44,100-க்கும் 48,000-க்கும் நடந்த பங்காளித் தகராறு

குறுந்தகட்டில் ஒரு நொடி இசை என்பது இடது, வலது தடம் ஒவ்வொன்றிலும் 44,100 எண்கள். திரைப்படமும் தொலைக்காட்சியும் பின்னர் ஏற்றுக்கொண்ட டிஜிட்டல் ஒலியில் அதே நொடிக்கு 48,000 எண்கள். கணினியில் பாட்டும் படமும் ஒரே ஸ்பீக்கர் வழியாக வர வேண்டுமானால், ஒரு கணக்கை மற்றதாக மாற்றித்தான் தீர வேண்டும். 1990-களின் கடைசியில் வீட்டுக் கணினிகளின் ஒலிக்குக் கெட்ட பெயர் வந்ததில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் ஒலியை முழுமையாகத் திரும்பப் பெற, அதன் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் (மேலே சொன்ன எண்கள்) நொடிக்கு எடுத்தால் போதும் என்பதை கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. ஆக, 40,000-ஐத் தாண்டினால் சரி. அதற்கு மேல் எந்த எண் என்பதை முடிவு செய்தது காது அல்ல, வீடியோ டேப்.

1970-களில் இவ்வளவு எண்களை வேகமாக எழுதிவைக்க வீடியோ ரெக்கார்டரைவிட வசதியான கருவி இல்லை. சோனி நிறுவனம் ஒலியைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, யூ-மேட்டிக் டேப்பில் படம்போலவே பதித்தது. ஒரு கோட்டில் 3 மாதிரிகள். நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்) கொண்ட அமெரிக்க, ஜப்பானிய முறையில் புலத்துக்கு 245 கோடுகள். 50 புலங்கள் கொண்ட ஐரோப்பிய முறையில் 294 கோடுகள். எப்படிப் பெருக்கினாலும் விடை 44,100. குறுந்தகடுகளுக்கான மூலப்பதிவுகள் இந்த டேப்களில்தான் ஆலைக்குப் போயின என்பதால், 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகடும் அதே எண்ணைச் சுமந்து வந்தது.

48,000-இன் பிறப்பு வேறு. அது 24, 25, 30 ஆகிய படச்சட்ட வேகங்களால் மீதியின்றி வகுபடும். படத்தோடு ஒலியை ஒட்டுபவர்களுக்கு அது பெரும் நிம்மதி. 1987-இல் வந்த டிஏடி டேப் கருவியும் 48,000-ஐ எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு விற்ற தொடக்ககால டிஏடி கருவிகள் 44,100-இல் ஒலிக்கும், ஆனால் பதியாது. குறுந்தகட்டை அச்சு அசலாக நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டாக அந்த எண் வித்தியாசமே பயன்பட்டது.

கணினிக்குள் தகராறு முற்றியது சிக்கனத்தால். இரு வேகங்களுக்கும் கச்சிதமாகப் பொருந்த இரண்டு தனித்தனிக் கடிகாரப் படிகங்கள் வேண்டும். கணினி ஒலிக்காக 1997-இல் இன்டெல் வகுத்த ஏசி'97 முறை ஒரே படிகத்தோடு, 48,000-ஐ அடிப்படை வேகமாக நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டு வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டும் உள்ளே 48,000-இல்தான் இயங்கியது. அந்தச் சமயம் மக்கள் கணினியில் கேட்டதோ பெரும்பாலும் குறுந்தகடும், அதிலிருந்து எடுத்த எம்பி3 பாட்டும்.

இரு எண்களுக்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. முறைப்படி மாற்ற வேண்டுமானால் 44,100-ஐ 160 மடங்காக்கி, நொடிக்கு 70,56,000 என்ற நிலையில் வடிகட்டி, பிறகு 147-இல் ஒன்றை எடுக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு: பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே நேர்கோடு போட்டு, நடுவில் விழும் மதிப்பை எடுத்துக்கொள்வது. அதில் வடிகட்டல் அரைகுறையாகிவிடும். 15 கிலோஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை இப்படி மாற்றினால் 18.9-இலும் 11.1-இலும் கள்ளச் சுரங்கள் முளைக்கும். அவை மூலச் சுரத்தோடு எந்தச் சுருதியிலும் சேராதவை. ஜாலராவின் கணீர் ஒலியில் மணல் உரசுவதுபோன்ற கரகரப்பு ஏறுவது இதனால்தான்.

சரியான வழி தெரியாமல் இப்படி நடக்கவில்லை. ஜூலியஸ் ஸ்மித்தும் பில் காசெட்டும் 1984-லேயே ஒரு முறையை வெளியிட்டிருந்தார்கள். ஒவ்வொரு புதிய எண்ணுக்கும் இருபுறமும் பல பழைய எண்களை எடுத்து, முன்கூட்டியே கணித்துவைத்த அட்டவணைப்படி எடைபோட்டுக் கூட்டுவது அது. எந்த விகிதத்துக்கும் செல்லும். பெருக்கல் வேலைதான் அதிகம். மலிவான சிப்புகள் அந்த உழைப்பைத்தான் குறைத்துக்கொண்டன.

2000-களின் தொடக்கத்தில் விஷயம் தெரிந்த ரசிகர்கள் கார்டை நம்பாமல் வேலையைக் கணினியின் பிராசசரிடமே ஒப்படைத்தார்கள். நவோகி ஷிபாடா எழுதிய எஸ்எஸ்ஆர்சி நிரலை வின்ஆம்ப், ஃபூபார்2000 போன்ற பிளேயர்களில் சேர்த்து, பாட்டை 48,000-ஆக நன்றாக மாற்றியபிறகே கார்டுக்கு அனுப்பினார்கள். 2005-இல் கிரியேட்டிவ் வெளியிட்ட எக்ஸ்-ஃபை சிப், இந்த மாற்றத்துக்கென்றே தனிப் பகுதியை ஒதுக்கியது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா, மாற்றமே வேண்டாம் என்பவர்கள் கார்டைத் தனியுரிமையாகப் பிடித்துக்கொள்ளவும் வழி திறந்தது.

இப்போது முறைப்படியான கணக்குக்குக் கைபேசியின் பிராசசரே தாராளமாகப் போதும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் ஒலிவடிவம் ஏற்கும் வேகங்களின் பட்டியலில் 44,100 இல்லவே இல்லை. குறுந்தகட்டுக்காகப் பதிவான பாடலை யூடியூபில் ஓபஸ் வடிவில் ஒருவர் கேட்டால், அது அவருடைய கைபேசிக்கு வருமுன்பே 147-க்கு 160 கணக்கு ஒருமுறை முடிந்திருக்கும்.