பங்சார்: ஒரு தோட்டத்தின் பெயர்

சென்ற ஆண்டு ஆசிரியர் பயிலரங்கு ஒன்றிற்காகக் கோலாலம்பூர் சென்றிருந்தோம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தங்கியிருந்த நமக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஓய்வாகக் கிடைத்தது. ஆசிரியர் இருவரும் பயிற்சி மாணவர் மூவருமாக ஐவர் பங்சார் வரை நடந்து வரலாம் என்று புறப்பட்டோம். விருந்தோம்பிய நண்பர், "பங்சாருக்கா? அங்கே காப்பி குடிக்கத்தான் போவார்கள், வரலாறு பார்க்க யார் போகிறார்கள்?" என்று சிரித்தார். அவர் கூற்றில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். காப்பியும் குடித்தோம்.

பங்சார் நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1998இல் திறக்கப்பட்ட இலகு ரயில் பாதையில் இப்பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அங்கிருந்து ஜாலான் மாரோப் வழியாக மேடேறினால் இருபுறமும் உயர்ந்த மதில்கள், தானியங்கி வாயிற்கதவுகள், காவலர் கூண்டுகள். ஜாலான் தெலாவியை அடைந்ததும் காட்சி மாறுகிறது. துணிக்கடைகள், ரொட்டிக்கடைகள், பல நாட்டு உணவகங்கள், தூதரகத்தாரும் வெளிநாட்டு அலுவலரும் அமர்ந்து உரையாடும் நடைபாதை மேசைகள். ஞாயிற்றுக்கிழமையாதலால் இரவுச் சந்தைக்குக் கூடாரம் அடிக்கத் தொடங்கியிருந்தனர். நகரிலேயே வீட்டு விலை மிக உயர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம்.

மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்ட வினா எளியது. "ஐயா, பங்சார் என்றால் என்ன பொருள்?"

மலாய் அகராதியைப் புரட்டினால் விடை கிட்டாது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், ஐரோப்பிய முதலாளிகளான எட்வார்ட் பூஞ்ச், ஆல்பிரட் கிரிசார் ஆகிய இருவரின் பெயர்களிலிருந்து முன்பாதியும் பின்பாதியும் இணைந்து பங்சார் ஆயிற்று என்பதாகும். பூஞ்ச், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுக நகரைச் சேர்ந்த பெருவணிகர். பழைய ஆங்கில வரைபடங்களில் இவ்வூர்ப் பெயரின் முதல் உயிர், இன்று எழுதப்படுவது போல் 'ஏ' என்ற எழுத்தால் அன்றி 'யூ' என்ற எழுத்தால் குறிக்கப்பட்டிருப்பது இவ்விளக்கத்திற்குத் துணை நிற்கிறது. மற்றொரு செய்தியும் உண்டு. 1906இல் இலண்டனில் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் ரப்பர் கம்பெனி, நகரைச் சுற்றிச் சுமார் 2,700 ஏக்கர் பரப்பில் ஐந்து தோட்டங்களை வைத்திருந்தது. அவற்றுள் பங்சார் தோட்டமும் ஒன்று.

சொற்பிறப்பில் ஆர்வமுடைய ஆசிரியர்கள் இங்குச் சற்று நின்று நிதானிக்க வேண்டும். இரு பெயர்களை ஒட்டவைத்துச் செய்த ஊர்ப்பெயர்க் கதைகள் செவிக்கு இனிமையானவை. அதனாலேயே அவற்றை ஐயத்தோடு அணுகுவது நல்லது. வகுப்பறையில் இதைக் கூறும்போது 'இவ்வாறு சொல்லப்படுகிறது' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. ஆனால் இரு செய்திகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இன்று நாம் காப்பி அருந்திய மேடு ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்தது.

அக்காட்டில் யார் இருந்தனர் என்பதை நம் அவையினருக்கு விளக்கத் தேவையில்லை. இருப்பினும் இளையோர் பொருட்டுச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அதற்கு முன்பே, 1907இல், தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவைத் தோட்ட முதலாளிகள் பகிர்ந்துகொள்ளும் வகையில் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டி வந்தார். வந்தவர்கள் லயங்களில் குடியேறினர். விடியலுக்கு முன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படும். அதன்பின் உளியும் வாளியும் காண்டாக் கம்புமாக நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். ஆதலின் வெட்டு முழுதும் இருள் பிரியும் வேளையிலேயே நடந்தது. குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தபின் ஒட்டுப்பாலையும் கணக்கில் சேர்ப்பார்கள். 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளுக்கு வரையறுக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் நிலைக்கவில்லை.

தமிழ்க் கல்வியின் வரலாறும் இக்காட்டின் ஊடாகவே செல்கிறது. பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. பெரும்பாலான இடங்களில் கிராணியோ கங்காணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக நின்றார். நம் பள்ளிகளின் குறைகளைப் பேசுவோர், அவை எந்தக் கொட்டகையில் தொடங்கின என்பதையும் உடன் பேசினால் நன்று. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் இங்கிருந்தோரே இந்நாட்டின் தோட்டத் தமிழர் ஆயினர்.

வேறொரு நினைவும் இவ்விடத்தில் எழுகிறது. மலாயாவின் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளுள் ஒருவரான ஆன்றி போகொன்னியே இந்நாட்டைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. துரை பார்த்த தோட்டம் உலக இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. வெட்டுக்காரர் பார்த்த தோட்டம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிட்டது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. அதிகாலையில் எழுந்து மரம் வெட்டப் போகிறவருக்கு எழுத ஏது நேரம்?

நகரம் இத்தோட்டத்தை ஒரே நாளில் விழுங்கிவிடவில்லை. அடிவாரத்தில் ரயில்வேத் தொழிலாளர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் முன்பே வளர்ந்திருந்தது. ஜாலான் பங்சாரில் போருக்கு முன்பே மின்நிலையம் வந்தது. தேசிய மின்சார நிறுவனத்தின் தலைமையகமும் நெடுங்காலம் அச்சாலையிலேயே இருந்தது. 1952இல் லீவர் பிரதர்ஸ் நிறுவனத்தின் சவர்க்காரத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மேட்டின் மீது அரசு அதிகாரிகளுக்கான பங்களாக்கள் எழுந்தன. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வீடமைப்பு நிறுவனங்கள் மரங்களை அகற்றி வரிசை வீடுகளைக் கட்டின. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது பங்சார் நடுத்தர வகுப்பினரின் விருப்பமான குடியிருப்பாக மாறிக்கொண்டிருந்தது. 1990களில் அது செல்வச் செழிப்பின் மறுபெயர் ஆயிற்று.

ஒரு தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தோட்டத்தின் அமைப்பையே நோக்க வேண்டும். லயத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் கோயிலும் பள்ளியும் மளிகைக்கடைக் கடன்புத்தகமும் அண்டை அயலாரும் ஒருசேரப் போவர். நிலத்தின் விலை உயர்ந்ததால் நிலத்துக்கு உரியவர் பெற்ற ஆதாயத்தில், அந்நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவருக்குச் சட்டப்படி பங்கில்லை. குடியுரிமை இல்லாதோர் நிலை இன்னும் கடினம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அவர்கள் வேலை அனுமதி பெற வேண்டியிருந்தது. இது பங்சாருக்கு மட்டும் உரிய கதை அன்று. தலைநகரின் எல்லைக்குள்ளேயே புக்கிட் ஜாலில் தோட்டத் தொழிலாளர்கள் மாற்று வீடு கேட்டுப் பல்லாண்டு போராடியதை நம் காலத்திலேயே கண்டோம். இத்தகைய குடும்பங்களுள் பல நகரத்தின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அங்கிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கும் சென்றன. நகர்ப்புறத் தமிழிளைஞர் பற்றிய நம் கவலைகள் யாவும் அவ்வடுக்குமாடிகளிலிருந்து தொடங்குவதாகப் பேசுகிறோம். உண்மையில் அவை அதற்கு முன்னுள்ள ஒரு வெளியேற்றத்திலிருந்து தொடங்குகின்றன.

தெருப்பெயர்களைக் குறித்துக்கொண்டே நடந்தோம். மொழி பயில்வோர்க்கு இது நல்ல விளையாட்டு. ஆரா என்பது அத்தி இனத்து மரம். லீமாவ் நிப்பிஸ் எலுமிச்சை. காப்பாஸ் பருத்தி; வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். மெடாங், தெம்பினிஸ் என்பன காட்டு மரங்கள். பங்சாரின் தெருக்களில் ஒரு தாவரவியல் தோட்டமே உலவுகிறது. நாம் கடந்த தெருக்களில் ரப்பரின் பெயரை மட்டும் காணவில்லை. எந்த மரத்தால் ஊர் உண்டாயிற்றோ அந்த மரம் பலகையில் ஏறவில்லை.

பெயர் எவ்வளவு மதிப்புடைய பொருள் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. பங்சாருக்கு அருகிலுள்ள கம்போங் கெரிஞ்சி, சுமத்ராவின் கெரிஞ்சியிலிருந்து வந்தோரின் நினைவைச் சுமக்கும் பெயர். அங்கிருந்து வந்து இவ்வட்டாரத்தில் நிலம் திருத்திய அப்துல்லா ஹுக்கும் பெயரில் ஒரு ரயில் நிலையமே உள்ளது. அண்மைக் காலத்தில் கம்போங் கெரிஞ்சியில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தபோது அவ்விடத்திற்குப் 'பங்சார் சவுத்' என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பழைய பெயர் மீட்கப்படும் என 2018இல் கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். ஒரு காலத்தில் கூலிக்கணக்குப் புத்தகத்தின் மேலட்டையில் இருந்த தோட்டப் பெயர், அடுத்த ஊரின் பெயரை மறைக்கும் அளவுக்கு விலைமதிப்புப் பெற்றுவிட்டது. கெரிஞ்சி மக்களிடம் தம் பெயரைக் காத்துக்கொள்ளும் குரல் இருந்தது. நம்மிடம் அத்தகைய குரல் எழாததற்குக் காரணம் உணர்வின்மை என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. கெரிஞ்சி மக்கள் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர். தோட்டத்தார் கலைந்து போயினர். பெயருக்காகக் குரல் கொடுக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

மாலை உணவுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வரிசையில் நின்றோம். நமக்கு முன்னும் பின்னும் பல இனத்தாரும் வெளிநாட்டாரும் நின்றனர். இலையில் சோறும் மூன்று கறிகளும் அப்பளமும் வந்தன. பங்சாரில் தமிழ் அறவே இல்லை என்று எண்ணியிருந்த மாணவர்கள், பரிமாறுபவர் தமிழில் "இன்னும் சாதம் வேணுமா, அண்ணே?" என்று கேட்டதும் மகிழ்ந்தனர். உணவகத்தில் தமிழ் கேட்பது இன்பமே. ஆயினும் பரிமாறுபவர் எங்கே குடியிருக்கிறார் என்று மாணவி ஒருவர் விசாரித்தார். ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வரவேண்டிய தொலைவு என்று பதில் வந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய நடையை உங்கள் ஊரிலேயே மேற்கொள்ளலாம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பழைய வரைபடம் ஒன்று, தெருப்பெயர்ப் பட்டியல் ஒன்று, வீட்டில் ஒரு முதியவர் ஆகிய மூன்றும் போதும். முதியவர்களிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டங்களுக்கும் அவற்றின் பிரிவுகளுக்கும் கம்பெனி இட்ட பெயர் ஒன்றிருக்க, மக்கள் தாமே வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாக இருப்பதுண்டு. முன்னது ஏடுகளில் கிடைக்கும். பின்னதைச் சொல்வோர் குறைந்துகொண்டே வருகின்றனர்.

இதை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அம்மாணவி கைப்பேசியை எடுத்துத் தம் பாட்டியை அழைத்தார். பாட்டி பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயர் என்ன என்று கேட்டார். ஒலிபெருக்கியில் நாம் அனைவரும் கேட்கும்படி பாட்டியின் குரல் வந்தது.

"எந்தப் பேரு வேணும் கண்ணு? கம்பெனிக்காரன் பேரா, நம்ம பேரா?"

மாணவி குறிப்பேட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி, நடுவே கோடு கிழித்து, இரண்டையும் எழுதத் தொடங்கினார்.