இரண்டே ஆண்டில் மறுபதிப்பு

குடவோலை என்றதும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்தான் நினைவுக்கு வரும். பாடப்புத்தகம் முதல் மேடைப்பேச்சு வரை அதை ஒரே கல்வெட்டாகப் பேசியே பழகிவிட்டோம். ஆனால் அங்கே குடவோலை விதிகளைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் வெட்டப்பட்டது. மற்றது 14ஆம் ஆட்சியாண்டான 921ஐச் சேர்ந்தது. இரண்டு முறையும் அரசனின் ஆணை வந்தது. அதிகாரி ஒருவர் உடனிருக்க, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த ஊரின் சபை கூடி முடிவெடுத்தது. முதல் முறை வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான், அடுத்த முறை வந்தவர் சோமாசிபெருமான். ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டுவிட்டு, இரண்டே ஆண்டில் அதையே கூடுதல் பகுதிகளோடு மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். இன்று வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு மிகவும் பழகிப்போன காரியம் இது. காசு கொடுத்து வாங்கி ஆடி முடித்த ஆட்டம், சில ஆண்டுகளில் புதுக் கதாபாத்திரங்களும் புது அத்தியாயங்களும் சேர்ந்து முழு விலைக்குத் திரும்பி வருகிறது. அதனால் எழும் எரிச்சல் நியாயமானதுதான் என்பதற்கு உத்திரமேரூர்ச் சுவரிலேயே சான்று இருக்கிறது.

இரண்டு கல்வெட்டுகளிலும் அடித்தளம் ஒன்றுதான். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிகிறது. குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முதல் கல்வெட்டு குலுக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. இரண்டாவது அந்தக் காட்சியையே கண்முன் நிறுத்துகிறது. சிறியவரும் பெரியவருமாகச் சபை முழுவதும் கூட வேண்டும். ஊரில் இருக்கும் நம்பிமார் என்ற கோயில் பூசாரிகள் ஒருவர் விடாமல் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை அவன் உரக்க வாசிக்க, பிறகு நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். விரல்களுக்கிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்ற கவலையைத் தவிர அந்த ஐந்து விரலுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. தகுதியின்மைப் பட்டியலும் நீண்டது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மைத்துனன், மாமனார் என உறவு உறவாகப் பெயர் சொல்லி விலக்கிவைக்கிறது இரண்டாம் கல்வெட்டு. இவ்வளவு குறிப்பான சேர்க்கைகள் வெறும் அலங்காரத்துக்கு வந்திருக்க முடியாது. முதல் விதிகளின் ஓட்டைகளை யாரோ பயன்படுத்தியிருக்க வேண்டும். தீயவர் அழிந்து நல்லவர் தழைக்க வேண்டும் என்று, மாற்றத்துக்கான நோக்கத்தையும் அந்தக் கல்வெட்டே அறிவித்துவிடுகிறது.

ஆனாலும் இதைப் பொற்காலப் படமாக ஆக்கிவிடக்கூடாது. இது பிராமணச் சபையின் ஏற்பாடு. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கானது. மறுபதிப்பிலும் சிலர் நஷ்டப்பட்டார்கள். 919இல் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். 921இல் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. முதல் விதிப்படி 31 வயதில் தகுதி பெற்ற ஒருவர், இரண்டாண்டு கழித்து 33 வயதில் தகுதி இழந்து நின்றிருப்பார். முதலில் வந்தவனுக்கே இழப்பு என்ற ஆட்டக்காரர்களின் மனக்குறை அங்கேயும் எழுந்திருக்கும். ஆனால் அந்த 33 வயதுக்காரரிடம் திருத்திய விதிக்கென்று யாரும் தனி விலை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆட்ட வணிகத்தில் நிலைமை வேறு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டக்கூடங்களுக்கு வந்தது 1991இல்; 1994க்குள் சாம்பியன், டர்போ, சூப்பர், சூப்பர் டர்போ என்று அதற்கு நான்கு மறுவடிவங்கள். வீட்டுக் கருவிக்கும் அவற்றில் சில தனித்தனி கேட்ரிட்ஜ்களாக விற்கப்பட்டன. அன்று இணையவழியில் திருத்தம் அனுப்ப வழியில்லை, அதனால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெர்சோனா 5 ஜப்பானில் 2016இல் வந்தது. அதன் விரிவாக்கமான ராயல் 2019இல் வந்தபோது இணையம் கைக்குள் இருந்தது. அப்படியிருந்தும் பழையதை வைத்திருந்தவர் கூடுதல் பகுதியை மட்டும் வாங்க வழி வைக்கவில்லை. முழு ஆட்டத்தையும் மறுபடி வாங்க வேண்டியிருந்தது.

சட்டத்தையும் சரக்கையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சரக்கையே எடுத்துக்கொள்வோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியை 1907இல் திருத்தி மீண்டும் வெளியிட்டார். முதற்பதிப்பை வாங்கியவர் புதியதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடைப்பட்ட இருபது ஆண்டு உழைப்பு அதில் இருக்கிறது. அச்சிட்ட தாளில் புதுப் பக்கங்களை மட்டும் ஒட்டிக் கொடுக்கவும் முடியாது. கூடுதல் பகுதியை உருவாக்கப் பணம் செலவாகிறது, பிடிக்காதவர் வாங்காமல் இருக்கலாமே என்ற வாதமும் ஓரளவு சரிதான். கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் விலை கேட்கட்டும். ஏற்கெனவே விற்ற உழைப்புக்கு இரண்டாம் முறை விலை கேட்பதைத்தான் எதிர்க்கிறோம். முடியாத காரியமும் அல்ல இது. ஸ்கைரிம் ஆட்டத்தை 2016இல் மெருகேற்றி வெளியிட்டபோது, கணினியில் மூல ஆட்டத்தையும் அதன் துணைப்பகுதிகளையும் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

உத்திரமேரூரிடம் ஆட்ட நிறுவனங்கள் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 921இல் புது விதி வந்தபோது 919ஆம் ஆண்டு எழுத்தை யாரும் கொத்தி அழிக்கவில்லை. கல்வெட்டு அறிஞர் வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இரண்டு கல்வெட்டுகளையும் பதிப்பிக்க முடிந்ததும், 30 என்ற வயது 35 ஆனதை நாம் இன்று எண்ணிப் பார்க்க முடிவதும் அதனால்தான். ராக்ஸ்டார் நிறுவனம் 2021இல் தன் மூன்று பழைய கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆட்டங்களின் புதுப்பதிப்பை வெளியிடும் முன், மூல ஆட்டங்களை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. வந்த புதுப்பதிப்போ பிழைகள் மலிந்து கிடந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகுதான், கணினிக்கான பழைய மூன்றையும் மீண்டும் விற்பனைக்கு வைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது.