அலன் ரே: துடுப்பும் சட்டமும் ஒரு தடையும்

கிரிக்கெட் நிர்வாகிகளை நாங்கள் பெரிசா ஞாபகம் வைச்சிருக்கிறதில்லை. அலன் ரேயை வைச்சிருக்க வேணும்.

1922இல் பிறந்த ஜமேக்கர். மேற்கிந்தியத் தீவுகளின் இடதுகை ஆரம்பத் துடுப்பாட்ட வீரர். 15 டெஸ்ட், 4 சதம். 1950இல் லோர்ட்ஸில், இங்கிலாந்து மண்ணில் அவர்கள் முதன்முதலாக வென்ற டெஸ்டில் 106 ஓட்டங்கள் எடுத்தார். பிறகு சட்டத்தரணியாகத் தொழில் செய்தார். 1981இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் சபையின் தலைவரானார்.

1983இல் லோரன்ஸ் ரோ தலைமையில் ஓர் அணி, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்குக் காசுக்கு விளையாடப் போனது. ரேயின் சபை அவர்களுக்கு ஆயுட்காலத் தடை போட்டது. முதல் வருசம்தான் பந்துல வர்ணபுரவின் அணி போய், இலங்கையில் 25 வருடத் தடை வாங்கியிருந்தது.

போனவர்கள் பலருக்குத் தேசிய அணியில் நிலையான இடமும் இல்லை, கையில் பெரிய வருமானமும் இல்லை. அது உண்மைதான். ஆனால் கறுப்பின வீரர்களே வந்து ஆடினால், அந்த ஆட்சிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? தடை தேவைப்பட்டது என்றே நாங்கள் நினைக்கிறம்.

1989இல் தடை நீக்கப்பட்டது. அதுக்குள்ள பலருடைய விளையாடும் வயது முடிஞ்சுபோச்சு. ரேயின் முடிவை மெச்சும்போது இந்த இழப்பையும் சேர்த்துத்தான் நாங்கள் பேச வேணும்.