எரியும் ரப்பருக்குப் போட்ட கடிவாளம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு ரப்பர் எரியும் விதம் நன்றாகத் தெரியும். ஈர விறகு பற்றாத நாளில் ஒட்டுப்பால் துண்டு ஒன்றைக் கொளுத்தி அடுப்பில் வைத்தால் போதும். கரும்புகை கக்கிக்கொண்டு விடாமல் எரியும். இயற்கை ரப்பர் என்பது கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். மண்ணெண்ணெயும் அதே இனந்தான்.

அடுப்புக்கு உதவிய இந்தக் குணம், சுரங்கத்தில் எமனாக வந்தது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் வட்டாரத்தில் உள்ளது கிரெஸ்வெல் என்னும் ஊர். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் விடியற்காலை, அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் கரி சுமந்து ஓடிய ரப்பர் பெல்ட் ஒன்று கிழிந்தது. ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கரி விழும் இடத்தில் கிழிந்த பகுதி சிக்கிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட் அதன்மீது உராய்ந்து உராய்ந்து சூடேறித் தீப்பற்றியது. புகை சுரங்கப் பாதைகளில் பரவியது. 80 தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களைக் கொன்றது நெருப்பன்று; புகையில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று. தீயை அடக்க வேறு வழியில்லாததால், இறந்தவர்களில் சிலரின் உடல்கள் உள்ளே இருக்கும்போதே சுரங்கம் மூடப்பட்டது. அவை மறு ஆண்டுதான் வெளியே கொண்டுவரப்பட்டன.

இந்தத் துயரத்துக்குப் பிறகு பிரிட்டன் சுரங்கங்களில் எளிதில் தீப்பற்றாத பெல்ட்டுகள் புகுந்தன. ரப்பரின் இடத்தைப் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் பிடித்தது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். தீ என்பது தொடர்ந்து நடக்கும் ஒரு வேதிவினை. சூட்டில் வெளிவரும் குளோரின் சேர்மம் அந்தத் தொடரை இடையில் அறுத்துவிடுகிறது. 1930களில் வந்த நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் தீக்கு எளிதில் இடங்கொடுக்காததற்கும் அதில் உள்ள குளோரின்தான் காரணம்.

குளோரின் இல்லாத ரப்பருக்கு அதை வெளியிலிருந்து சேர்த்தார்கள். குளோரின் ஏற்றிய பாரபின் மெழுகுடன் ஆன்டிமனி ஆக்சைடு தூளைக் கலப்பது ஒரு முறை. ஆன்டிமனி தனியாக அதிகம் சாதிக்காது. குளோரினோடு சேர்ந்தால் இரட்டிப்பு வேலை செய்யும். இரண்டாம் உலகப் போரில் கூடாரத் துணிகளுக்கு இந்தக் கூட்டு உதவியது.

குளோரினைவிட வேகமாகத் தீயை அடக்குவது புரோமின். அதனால் தொலைக்காட்சிப் பெட்டி, தட்டச்சுப் பொறி போன்றவற்றின் பிளாஸ்டிக் உறைகளில் புரோமின் சேர்மங்கள் இடம்பெற்றன. அங்கேதான் கதை வேறு திசையில் திரும்பியது.

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரே ஆலையில் இரு பொருள்கள் தயாராயின. ஒன்று பிளாஸ்டிக்கில் சேர்க்கும் புரோமின் தூள். மற்றொன்று மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. இரண்டின் வணிகப் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலித்தன. மூட்டைகள் மாறின. புரோமின் தூள் தீவனத்தில் கலந்து பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மாடுகள் தீனி மறுத்தன; பால் வற்றியது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டது 1974இல்தான். அதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் மக்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிட்டன. சுமார் 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன. அந்த இரசாயனம் உடலின் கொழுப்பில் தங்குவது, எளிதில் வெளியேறாதது. பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் வழியாகவும் அது சென்றது.

அந்தப் புரோமின் சேர்மத்தை 2009ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் உறவுக்காரச் சேர்மங்கள் சிலவும் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டன.

இப்போது கம்பி உறைகள் பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு சேர்க்கப்படுகிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சூட்டில் நீராக வெளியேறக்கூடியது. ஏறக்குறைய 200 பாகையைத் தாண்டியதும் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. தண்ணீர் இருக்கும் வரை பானை தீய்ந்து போகாது என்ற சமையலறை உண்மைதான் இது. ஆனால், இதை ஏராளமாகக் கலந்தால்தான் பலன். அப்போது ரப்பரின் வலிமை குறைந்துவிடுகிறது.

எரியாத பொருள் வேண்டும் என்பதைக் கிரெஸ்வெல்லின் 80 உயிர்கள் உணர்த்தின. எதைச் சேர்த்து எரியாமல் செய்யப்படுகிறது என்று கேட்க வேண்டும் என்பதை மிச்சிகன் பண்ணைகள் உணர்த்தின. ஒரு பாடத்தைப் படித்துவிட்டு மற்றதை மறப்பது ஆபத்தாகும்.