குளத்து மீனும் மலைநாட்டு உணவும்

கடல்சூழ் தீவின் நடுவே வாழ்ந்தும் மீனுக்காகப் பிறரை எதிர்பார்த்திருந்தமை கண்டி நாட்டு வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கண்டியரசு கரையோரம் முழுவதையும் இழந்தது. சில உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை மட்டுமே எஞ்சியது. உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் மலையேறின, பாக்கு கீழிறங்கியது. பிற்காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயூடாகப் பெருந்தெருவும், 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தபோதும் இவ்வுறவு மாறவில்லை. வேகம் மட்டுமே கூடிற்று.

மலைநாட்டில் நீருக்குக் குறைவில்லை. ஆயின் இலங்கையிற் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை என்பது இங்கு நோக்கற்பாலது. பெருநீர்நிலைகள் யாவும் மனிதர் வெட்டியவை. கண்டி நகர ஏரியும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்பித்ததே. எனவே நம் சுதேச மீன்கள் பெரும்பாலும் ஆற்றில் வாழப் பழகியவை; தேங்கிய பெருநீரின் நடுப்பகுதியை அவை நன்கு பயன்படுத்தவில்லை. உலர்வலயக் குளங்களில் விராலும் கெளிறும் கிடைத்தன. கோடையில் நீர் வற்றும்போது ஊரார் கூடிக் கரப்புக் கொண்டு பிடிப்பதே வழக்கம். அது ஊரின் உணவு, சந்தைப் பண்டமன்று.

ஆங்கிலத் தோட்டத்துரைமார் 1880களில் நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டனர். அது தூண்டில் விளையாட்டிற்கு உதவியதேயன்றி, தோட்டத் தொழிலாளியின் சட்டியை எட்டவில்லை.

உண்மையான மாற்றம் 1952ஆம் ஆண்டளவில் வந்தது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா அப்போது நம் நீர்நிலைகளில் விடப்பட்டது. நுண்தாவரங்களையும் அழுகற் பொருளையும் உண்ணும் இம்மீனின் ஆண், ஆழமற்ற தரையிற் குழிதோண்டும். பெண் முட்டைகளை வாயிற் காத்துப் பொரிக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் குளத்திற்கு இதனினும் ஏற்ற மீனைத் தேடிப் பெறுதல் அரிது. செவுள்வலையும் வள்ளமும் உள்நாட்டுக் குளங்களிற் பெருகின. 1989இல் உள்நாட்டு மீனுற்பத்தி 40,000 தொன்னை அண்மியது. 1976இல் பொல்கொல்லவும் 1985இல் விக்டோரியாவும் நீரைத் தேக்கியதால் கண்டியின் அயலிலும் புதிய மீன்பிடி நீர்ப்பரப்புகள் உருவாகின.

இவ்வளர்ச்சி இயற்கையால் அன்றி அரசாணையால் தடைப்பட்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்னும் பௌத்த எதிர்ப்பின் விளைவாக 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. மீன்பிடி தடைசெய்யப்படவில்லை என்பதே இதிலுள்ள முரண். குஞ்சு விடுதலும் கண்காணிப்பும் மட்டுமே நின்றன. சிறுகண் வலைகள் நுழைந்தன. கொல்லாமையை நாடிய முடிவு, வளராத மீன்களின் அழிவுக்கும் வழிவிட்டது எனலாம். உற்பத்தி 1994இல் ஏறத்தாழ 12,000 தொன்னாக வீழ்ந்தது. கடல்மீனின் விலைக்கு எட்டாத உள்நாட்டுக் குடும்பங்களே இவ்விழப்பைச் சுமந்தன.

1994இல் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கு வழிசெய்தது. குளந்தோறும் மீனவர் சங்கங்கள் வலைக்கண்ணின் அளவைத் தாமே காக்கும் முறையும் வலுப்பெறலாயிற்று.