வீட்டுப் பட்டறையில் ஒரு வயலின் குடும்பம்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பரம்பரைகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். இத்தாலியின் கிரெமோனா நகரம், அங்கே அமாத்தி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்னும் மூன்று பெயர்கள்; இவற்றைச் சொல்லிவிட்டால் வயலினின் கதை நிறைவுற்றது எனப் பலரும் கருதுவர். தந்தையிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் கைமாறும் தொழில் ரகசியம் கேட்பதற்கே இனிமையான ஒன்று. ஆயினும் வயலின் ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்த விடைகளில் கணிசமான பங்கு, எந்தப் பரம்பரையையும் சேராத ஒரு பெண்மணியின் வீட்டிலிருந்து வந்தது. அத்தகைய உழைப்பைப் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒற்றைச் சொல்லால் நாம் கடந்துவிடலாமா என்பதே இங்கு எழும் கேள்வி.

அவர் பெயர் கார்லீன் ஹட்சின்ஸ். 1911இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்று, நியூயார்க்கில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். அவர் வாசித்த கருவி டிரம்பெட். நண்பர்கள் வீட்டில் கூடித் தந்திக்கருவிகள் வாசிக்கும் மாலைகளில் அதன் உரத்த குரல் பொருந்தவில்லை. எனவே 75 டாலருக்கு ஒரு வயோலா வாங்கினார். வயோலா என்பது வயலினைவிடச் சற்றே பெரியது, ஐந்து சுரங்கள் தாழ்ந்து ஒலிப்பது. வாங்கிய கருவியின் ஒலி மனநிறைவு தராததால், தாமே ஒன்றைச் செய்துவிடுவது என்று 1947இல் முடிவெடுத்தார். நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஹெலன் ரைஸ், அதைச் செய்து முடித்தால் தம் தொப்பியையே தின்றுவிடுவதாகச் சவால் விட்டாராம். நம்மூரில் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பதற்கு நிகரான சவால் இது.

குழந்தை வளர்ப்புக்கும் வீட்டு வேலைக்கும் இடையே, ஸ்ப்ரூஸ் மரத்தில் மேற்பலகையும் மேப்பிள் மரத்தில் கீழ்ப்பலகையும் செதுக்கி அந்த முதல் வயோலாவை முடிக்க அவருக்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின. அது தலைசிறந்த கருவி அன்று. ஆனால் அதன் வழியே 1949இல் ஒரு முக்கியமான சந்திப்பு நேர்ந்தது.

ஃபிரெடெரிக் சாண்டர்ஸ் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அணுநிறமாலை ஆய்வில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. அவரும் வயோலா வாசிப்பவர். வயலினின் ஒலியைப் பல்லாண்டுகளாக அளந்து வந்தவர். அவருக்கு ஒரு பெரிய தடை இருந்தது. உயர்ந்த கருவிகளை அளக்கலாம், வாசிக்கக் கேட்கலாம். அறுத்துப் பார்க்க இயலாது. ஒரு ஸ்ட்ராடிவாரியின் பலகையைச் சற்று மெலிதாக்கினால் ஒலி என்னவாகும் என்று கேட்க எந்த உரிமையாளர் இசைவார்? தொழில்முறைக் கைவினைஞரும் வாரக்கணக்கில் செதுக்கிய கருவியைச் சோதனைக்காகக் கெடுக்க முன்வரமாட்டார். அது அவருடைய அடுப்பு எரிவதற்கான வழி.

ஹட்சின்ஸ் முன்வந்தார். அவருக்கு அது பிழைப்பன்று. இந்த ஒரு காரணத்தால் அவரால் செய்து, அளந்து, அறுத்து, மீண்டும் ஒட்டி, மீண்டும் அளக்க முடிந்தது. பிற்காலத்தில் அவர் உருவாக்கிய ‘லெ க்ருயேர்’ என்ற வயலினின் பக்கவாட்டில் 65 துளைகள் இருந்தன. அவற்றைத் தக்கைகளால் மூடியும் திறந்தும் உள்ளிருக்கும் காற்றின் அதிர்வை ஆராயலாம். துளைகள் நிறைந்த பாலாடைக்கட்டியின் பெயரே அந்தக் கருவிக்கும் ஆயிற்று. விற்பனைக்குச் செய்பவர் எவர் இப்படியொரு வயலினைச் செய்வார்?

இங்கே திருச்சியில் பிறந்த ஒருவரும் நம் நினைவுக்கு வருகிறார். சி.வி. இராமன் 1907 முதல் 1917 வரை நிதித்துறை அதிகாரியாக இருந்தவர். கல்கத்தாவில் அலுவலகம் போக எஞ்சிய நேரத்தில் அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். வயலினிலும் செல்லோவிலும் சில சுரங்களில் எழும் கரகரத்த ‘ஓநாய்ச் சுரம்’ பற்றி 1916இல் அவர் எழுதியது இந்த உத்தியோக காலத்தில்தான். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அதிர்வு குறித்த அவரது விரிவான நூல் 1918இல் வெளிவந்தது. பெல் ஆய்வகத்துப் பொறியாளரும் பொழுதுபோக்காகச் செல்லோ வாசித்தவருமான ஜான் ஷெல்லெங் பின்னாளில் இதே துறையில் ஆய்வைத் தொடர்ந்தபோது இராமனின் கண்டடைவுகள் அவருக்கு அடித்தளமாயின. இந்த ஷெல்லெங்கும் சாண்டர்ஸும் ஹட்சின்ஸும் வேதியியலாளர் ராபர்ட் ஃப்ரிக்செலும் கூடி 1963இல் தொடங்கியதே ‘கேட்கட் ஒலியியல் சங்கம்’. ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்திக்கு ஆங்கிலத்தில் பூனைக்குடல் என்று பெயர். அந்த வேடிக்கையே சங்கத்தின் பெயராக நின்றது.

அவர்கள் கண்டறிந்தவற்றுள் நாம் எளிதாக விளங்கிக்கொள்ளக்கூடியது ஒன்று. நல்ல வயலினில் உடலின் மரம் பெரிதும் அதிரும் இடமும், உள்ளிருக்கும் காற்று பெரிதும் அதிரும் இடமும் நடுவிலுள்ள இரு தந்திகளின் சுரங்களுக்கு அருகே அமைந்திருக்கின்றன. வயோலாவில் அப்படியில்லை. சுரம் ஐந்து படி இறங்கியதற்கேற்ப உடல் ஒன்றரை மடங்கு பெருத்திருக்க வேண்டும், அதாவது 14 அங்குலம் 21 அங்குலமாகியிருக்க வேண்டும். அவ்வளவு பெரியதைத் தோளில் ஏந்த முடியாதென்பதால் அது 16, 17 அங்குலத்தில் நின்றுவிட்டது. வயோலாவின் மங்கிய குரல் மனிதக் கையின் நீளத்தோடு செய்துகொண்ட சமரசம். ஹட்சின்ஸ் தாம் வாங்கிய வயோலாவின் மீது கொண்ட அதிருப்திக்கு இவ்வாறு இயற்பியலில் காரணம் கிடைத்தது.

1957இல் ஹென்றி பிராண்ட் என்ற இசையமைப்பாளர், வயலினின் இந்தப் பண்பை எல்லாச் சுரநிலைகளிலும் கொண்ட எட்டுக் கருவிகள் வேண்டுமென்று கேட்டார். மிகச் சிறியதன் உடல் 11 அங்குலம். மிகப் பெரியதோ ஏழடி உயரம். எட்டும் ஒருசேர 1965இல் நியூயார்க்கில் ஒலித்தன. தனித்த பலகையை ஒலிபெருக்கியின் மேல் வைத்து, மினுங்கும் தூளைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோலத்தைக் கண்டு எங்கே செதுக்க வேண்டுமென அறியும் முறையையும் ஹட்சின்ஸ் வளர்த்தெடுத்தார். ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787இல் மணலைக் கொண்டு காட்டியது அது. விரல் கணுவால் தட்டிக் காதால் மட்டுமே அறிந்துவந்த ரகசியம் இவ்வாறு கண்ணுக்குப் புலப்படும் பாடமாயிற்று. 1981இல் இம்முறையை விளக்கி, யாரும் பயிலும்படி அவர் கட்டுரையாகவே எழுதினார்.

ஆனால் உலகம் அந்த எட்டுக் கருவிகளை ஆரத் தழுவிக்கொள்ளவில்லை. வாத்தியக் குழுக்களின் அமைப்பும் நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட இசையும் பழைய நான்கு கருவிகளையே சார்ந்திருந்தன. புதிய பெரிய வயோலாவைச் செல்லோவைப்போல் நிறுத்தி வாசிக்க வேண்டும். வயோலாக் கலைஞர்கள் அதை விரும்பவில்லை. செல்லோக் கலைஞரான யோ-யோ மா அதில் வாசித்த பார்டோக்கின் வயோலா கான்செர்டோ 1994இல் இசைத்தட்டாக வந்தது. அந்தக் கருவிகளில் சில தொகுதிகள் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. 400க்கும் மேற்பட்ட கருவிகளைச் செய்த ஹட்சின்ஸ் 2009இல், தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

இதைத் தோல்வி எனக் கொள்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சந்தை ஏற்றதா என்ற அளவுகோல் சந்தைக்காகச் செய்தவருக்கே உரியது. எட்டுக் கருவிகள் ஒதுக்கப்பட்டாலும், அவற்றைச் செய்யும்போது பிறந்த அறிவை இன்று பரம்பரைக் கைவினைஞர்களும் தம் பட்டறைகளில் பயன்படுத்துகின்றனர். அலுவலகம் முடிந்து வந்து, கைப்பணத்தைச் செலவிட்டுச் சிற்றிதழ் நடத்தியவர்களின் மொழியில் எழுதும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. நம்மிடமும் எண்ணூறு படிகள்கூட விற்காத இதழ்களில்தான் புதிய உரைநடை சோதித்துப் பார்க்கப்பட்டது. கெட்டுப் போனாலும் பரவாயில்லை என்ற துணிவு அங்கேதான் இருந்தது. அந்தத் துணிவுக்குப் பொழுதுபோக்கு என்பதைவிடத் தகுந்த ஒரு சொல்லை நாம் இன்னும் ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.