நேற்றைய பத்திரிகை

காகிதப் பத்திரிகையா, திரையில் செய்தியா என்ற பேச்சு நம்மவர்களிடையே எப்போது எழுந்தாலும் மை வாசனை, காலைக் காப்பி என்று போய் முடிந்துவிடுகிறது. இந்த ஏக்கத்தில் எனக்கு அக்கறை இல்லை. மை வாசனை வேண்டுபவர்கள் அச்சகத்தில் வேலைக்குச் சேரலாம். என் கேள்வி வேறு. இன்று வாசித்த செய்தி நாளைக்குச் சாட்சியமாக நிற்குமா? இதை நம் இலக்கிய வரலாற்றை வைத்துக் கேட்டுப் பார்ப்பதில்தான் பிரயோஜனம் உண்டு.

சுதேசமித்திரனை ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார். 1899இல் அது தினசரியாயிற்று. 1904இல் பாரதி அங்கே உதவியாசிரியர். ஆங்கிலத்தில் வந்த செய்திகளை அன்றைய இதழுக்குள் தமிழாக்கியாக வேண்டும். நவீனத் தமிழ் உரைநடையைப் பற்றிப் பேசும்போது நாம் கவிதையையும் சிறுகதையையும் நினைக்கிறோமே தவிர, அரசியல் பேசுவதற்கான சொற்களில் பெரும் பகுதி இந்த அவசரத்தில்தான் உண்டாயிற்று என்பதை மறந்துவிடுகிறோம். பாரதி 1920இல் மீண்டும் சுதேசமித்திரனுக்கு வந்து, 1921 செப்டம்பரில் இறக்கும்வரை அதில் எழுதினார்.

அப்போது அவர் எழுதியவை அனைத்தையும் யாரும் கத்தரித்துச் சேர்த்து வைக்கவில்லை. காளிதாசன், சக்திதாசன் என்று புனைபெயர்கள் வேறு. பிற்காலத்தில் ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் பழைய கட்டுகளைப் புரட்டி ஒவ்வொன்றாக மீட்டார்கள். விசுவநாதன் பாரதி எழுத்துக்களைக் காலவரிசைப்படுத்த முடிந்ததற்குப் பத்திரிகைத் தலைப்பின் கீழே அச்சாகியிருந்த தேதி ஒரு முக்கியக் காரணம். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி செய்த பதிப்பும் இத்தகைய முதல் வெளியீட்டு விவரங்களின் மேல் நிற்கிறது. ஒரு எழுத்தாளனின் ‘வளர்ச்சி’, ‘பார்வை மாற்றம்’ என்றெல்லாம் விமர்சகர்கள் தாராளமாக எழுதுகிறோம். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாவிட்டால் இந்த வார்த்தைகளுக்கு அர்த்தமே கிடையாது.

தேதி மட்டுமல்ல. அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஊரில் என்பதைப் பத்திரிகை தன்மேலேயே சொல்லியாக வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1908இல் ‘இந்தியா’ வழக்கில் சிறைக்குப் போனவர் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன். எழுதிய பாரதி புதுவைக்குப் போய்விட்டார். ஆக, பதிவான பெயரே முழு உண்மை அல்ல. ஆனாலும் அது அழியாமல் நிற்கிறது. நின்றதனால்தான் இன்று அதை விசாரிக்க முடிகிறது. இன்னொரு விசித்திரம், அரசாங்கம் சுதேச பாஷைப் பத்திரிகைகளை ஆள் வைத்து வாசித்து, ஆங்கிலத்தில் சுருக்கி, அந்தரங்கமாகச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தது. மூல இதழ் தொலைந்துபோன இடங்களில் இந்த வேவுச் சுருக்கமே ஆராய்ச்சியாளனுக்கு மிஞ்சுகிறது. நமக்கு எதிராக வாசித்தவன் தன்னை அறியாமல் நமக்காகவும் வாசித்திருக்கிறான்.

காகிதத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. மரக்கூழில் செய்த செய்தித்தாள் அமிலத்தால் பழுத்து, மடிப்பில் முறிந்து, தொட்டால் உதிரும். போனது நிறைய. தப்பியவற்றில் ஒரு பகுதியைக் காப்பாற்றியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர். அவர் 1992இல் மறைந்த பின் அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் அது சென்னையில் நூலகமாயிற்று. நம் பல்கலைக்கழகங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அச்சுப் பத்திரிகைக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஒரு இடத்தில் முடிகிறது. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியை நம் வட்டத்தில் ஏளனமாகப் பேசுவதே வழக்கம். ஆனால் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டதும், ஒரே பத்திரிகை தாள் தாளாகப் பிரிந்து கைமாறியதும் சாமான்யக் காரியமல்ல. கொலைச் செய்தியும் சட்டசபையும் கன்னித்தீவும் ஒரே கட்டுக்குள் இருந்தன. அன்றைக்கு எது முதல் பக்கம், எது மூலையில் மூன்று வரி என்று ஒருவர் தீர்மானித்தார். தீர்மானம் மட்டமானதாக இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானமும் ஒரு ஆவணம். திரையில் வரும் செய்திக்கு முதல் பக்கம் மணிக்கு மணி மாறுகிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. இன்ன தேதியில் ஊர் எதைப் பார்த்தது என்று பின்னால் வருபவன் எதை வைத்துச் சொல்வான்?

‘தி ஹிந்து’ 1995இல் இணையத்துக்கு வந்தது. தமிழ்ப் பத்திரிகைகளும் தொடர்ந்தன, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துருவோடு. அதை இறக்கிக்கொண்டால்தான் எழுத்து தெரியும். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தாம், தாப் என்று தரங்கள் வகுத்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும் தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010இல். இடைப்பட்ட வருஷங்களின் பக்கங்கள் எங்காவது மிஞ்சியிருந்தால், திறந்ததும் அர்த்தமற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்து மாற்றினால்தான் தமிழ். நூறு வருஷத்துப் பழுப்புத் தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் திருத்தம். ஒரு நாளிதழின் தளத்தில் காலையில் ஒரு எழுத்தாளரின் இரங்கல் குறிப்பைப் படித்தேன். வேறொருவர் எழுதிய நாவலை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். மாலையில் அதே முகவரியில் பிழை இல்லை. பிழை இருந்த அடையாளமும் இல்லை. வாசகனுக்கு நல்லதுதானே என்பார்கள். அச்சில் தவறு தங்கிவிடும், மறுநாள் வருத்தக் குறிப்பும் தங்கிவிடும். நம் எழுத்தாளர்களைப் பத்திரிகைகள் எவ்வளவு அறிந்திருந்தன என்பதற்கு அந்த இரண்டும் சேர்ந்ததே சான்று.

தேடினால் நொடியில் கிடைக்கிறது, யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. சிறு விஷயங்களும் அல்ல. ஆனால் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1956இல் பத்திரிகைகளையும் சேர்த்து, கன்னிமாரா முதலிய நூலகங்களுக்குப் பிரதி தந்தாக வேண்டும் என்று வைத்தார்களே, இணையச் செய்திக்கு அப்படி ஒன்று நடைமுறையில் இல்லை. 1867 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அச்சிதழ்களைப் பற்றியதுதான். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் சில பக்கங்களைச் சில கணங்களில் பிரதி எடுத்து வைக்கிறது. எது அகப்படும் என்பது அதிர்ஷ்டம். அதுவும் ஒரு விதத்தில் கோட்டையூர்க் காரியம்தான்.

நம்மில் சிலர் இப்போது தினசரிகளின் தளங்களுக்கென்றே எழுதுகிறார்கள். அச்சில் அவை வருவதில்லை. மூன்று வருஷமாக நான் அவற்றைத் தாளில் எடுத்து, பார்த்த தேதியையும் மணியையும் மேலே பேனாவால் குறித்துக் கட்டி வைக்கிறேன். முதல் கட்டில் உள்ள கட்டுரைகளில் நாலின் முகவரி இப்போது திறப்பதில்லை.